முன்மொழிய ஆளில்லாத தொண்டு

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் வெள்ளை மண்டபத்துக்கு ஆயி மண்டபம் என்று பெயர். அரசின் முத்திரையில் இருப்பதும் அதே மண்டபம்தான். ஆயி ஒரு தாசி. விஜயநகர மன்னர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கேற்றி வைத்திருந்த அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். உண்மை தெரிந்ததும் மாளிகையை இடிக்கச் சொன்னாராம். தன் கையாலேயே இடித்துவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்ட ஆயி, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மூன்று நூற்றாண்டு கழித்து, பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்டபோது, அந்தக் குளம் இருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. வேலையாக வந்த பொறியாளரிடம் ஊரார் ஆயியைப் பற்றிச் சொல்ல, கதை பாரிஸ் வரை போய், பேரரசரின் விருப்பப்படி மண்டபம் எழுந்தது என்கிறார்கள்.

இதில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பதை ஆய்வாளர்கள் பேசட்டும். பொதுத்தொண்டுக்கு விருது கொடுப்பதைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: ஆயி யாரிடமும் விண்ணப்பம் கொடுக்கவில்லை. ஊர் அவளை மறக்கவில்லை. கேட்டவரிடம் சொன்னது. கேட்டவர் மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

இன்று விருதுகளுக்குக் குறைவில்லை. மத்திய அரசு தன் அமைச்சகங்களின் விருதுகளையெல்லாம் ராஷ்ட்ரிய புரஸ்கார் என்ற ஒரே இணையதளத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. மாநில அரசுகள் சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் மகளிர் தினத்துக்கும் தனித்தனியே விருது வழங்குகின்றன. அரிமா சங்கம், ரோட்டரி சங்கம், வணிகர் சங்கம், பத்திரிகை, தொலைக்காட்சி என்று மற்றவர்கள் தருவது தனிக் கணக்கு. பஞ்சம் முன்மொழிகிறவர்களுக்குத்தான். தேர்வுக் குழு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், தன் மேசைக்கு வந்த பெயர்களுக்குள்தான் அது தேட முடியும். அதனால் ஒரு விருதின் தரம் தேர்வு நாளுக்குப் பல மாதம் முன்பே, யாருடைய பெயரை யார் எழுதி அனுப்பினார்கள் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. விருது வாங்கியவருக்குத் தகுதி உண்டா என்று ஆண்டுதோறும் விவாதிக்கிறோம். தகுதியுள்ளவர் பெயரை நாம் ஏன் அனுப்பவில்லை என்பது அதைவிட முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன்.

பத்ம விருதுகளிலிருந்து தொடங்கலாம். 1954இல் தொடங்கிய இவை இரண்டு முறை நின்றுபோயின. முதல் முறை ஜனதா ஆட்சிக் காலத்தில். இரண்டாம் முறை, பட்டங்களை ஒழித்த அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவுக்கு இவை முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கின்போது. இவை பட்டங்கள் அல்ல, ஆனால் வாங்கியவர்கள் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வெகுகாலம் பெயர்கள் மாநில அரசுகள், அமைச்சகங்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியாகவே டெல்லிக்குப் போய்க்கொண்டிருந்தன. 2016இல் இணையவழிப் பரிந்துரை வந்தது. குடிமக்கள் யாரும் யாரையும் முன்மொழியலாம் என்பது அதன் பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. 2014இல் 2,200 அளவில் இருந்த பரிந்துரைகள், 2019ஆம் ஆண்டு விருதுகளுக்கு 49,992 ஆயின. மறைந்தவர்களையும் வெளிநாட்டினரையும் நீக்கிப் பார்த்தால் ஓராண்டில் 120 விருதுகளுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பிரதமர் ஆண்டுதோறும் அமைக்கும் குழு பெயர்களைப் பரிசீலிக்கிறது. அமைச்சரவைச் செயலாளர் அதற்குத் தலைவர். உள்துறைச் செயலாளரும் குடியரசுத் தலைவரின் செயலாளரும், அவர்களோடு நான்கு முதல் ஆறு பிரமுகர்களும் உறுப்பினர்கள்.

கதவு திறந்ததன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் பக்கத்து இயற்கை விவசாயி பாப்பம்மாள் 2021இலும், திருச்சி வட்டாரத்தில் கழிப்பறைச் சுகாதாரத்துக்காக உழைத்த மராச்சி சுப்புராமன், எஸ். தாமோதரன் இருவரும் 2021, 2022 ஆண்டுகளிலும் பத்மஸ்ரீ பெற்றார்கள். நூலகராக வாங்கிய சம்பளத்தைப் பிறருக்கே கொடுத்துவந்த பாலம் கலியாணசுந்தரத்துக்கும், பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் கிடைத்தது. பழைய முறையே நீடித்திருந்தால் இந்தப் பெயர்களில் எத்தனை டெல்லி போய்ச் சேர்ந்திருக்கும் என்பது சந்தேகமே.

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். 2020இல் வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி, 2021இல் கலைத்துறைக்காக கே. கேசவசாமி, 2022இல் அதே துறைக்காக ஏ.வி. முருகையன், 2023இல் மருத்துவத்துக்காக நளினி பார்த்தசாரதி, 2025இல் தவில் கலைஞர் பி. தட்சணாமூர்த்தி ஆகியோர் இங்கிருந்து பத்மஸ்ரீ பெற்றார்கள். பன்னிரண்டரை லட்சம் மக்கள்தொகை கொண்ட சிறிய பகுதிக்கு இது குறைவில்லை. எல்லாருமே தகுதியானவர்கள். ஆனால் பட்டியலில் கலைஞர்களே மிகுந்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கலைக்கு குரு உண்டு, சீடர் உண்டு, கச்சேரி நடத்தும் சபா உண்டு, கலைமாமணியும் தமிழ்மாமணியும் வழங்குகிற கலை பண்பாட்டுத் துறை உண்டு. ஒரு தவில் வித்வான் யார், அவர் எந்தப் பாணி, எத்தனை ஆண்டாக வாசிக்கிறார் என்று சொல்ல நூறு பேர் தயாராக இருப்பார்கள். நளினி பார்த்தசாரதியின் பணிக்கும் அப்படி ஒரு சுற்றம் இருந்தது. அவர் சிகிச்சை தரும் ஹீமோபிலியா வாழ்நாள் முழுக்கத் தொடரும் நோய். ஒரு காயம் பட்டால் இரத்தம் எளிதில் உறையாது. அந்தக் குழந்தைகளும் பெற்றோர்களும் ஆண்டுக்கணக்கில் அதே மருத்துவரிடம் வருகிறார்கள், ஒருவரையொருவர் அறிகிறார்கள், சங்கமாகக் கூடுகிறார்கள். முப்பதாண்டுப் பணிக்கு அங்கே உயிருள்ள சாட்சிகள் இருக்கிறார்கள்.

உரிமை கோர ஆளில்லாத பிணங்களை அடக்கம் செய்கிறவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? கடற்கரைச் சாலையிலும் அதற்குத் தெற்கேயும் அலையில் சிக்கும் சுற்றுலாப் பயணிகளை இழுத்துக் கரைசேர்க்கிற மீனவ இளைஞனுக்கு? காப்பாற்றப்பட்டவர் அன்று மாலையே பெங்களூர் பேருந்தில் ஏறிவிடுகிறார். உயிர் காத்தவர்களுக்கென்றே ஜீவன் ரக்ஷா பதக்கம் இருக்கிறது. அதற்கும் மாநில நிர்வாகம் பெயரை அனுப்ப வேண்டும். நிர்வாகத்துக்கு யாராவது எழுதித் தர வேண்டும்.

எழுதித் தர வேண்டியவர் யார் என்று கேட்டால், புதுச்சேரியின் தனிக்குறை ஒன்று முன்னே வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1880இலேயே இங்கே நகராட்சி மன்றங்களை ஏற்படுத்தினார்கள். ‘மேரி’ என்று நாம் இன்றும் சொல்கிற அந்த மேயர் மாளிகை 2014 மழையில் இடிந்து விழுந்து, பழைய வடிவிலேயே மறுபடி கட்டப்பட்டிருக்கிறது. கட்டடம் எழுந்தது, மன்றம் எழவில்லை. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்ததும் ஐந்து நகராட்சிகளும் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கைக்குப் போயின. வார்டு உறுப்பினர், பஞ்சாயத்துத் தலைவர், கிராமசபை என்ற அடுக்கு இல்லாமல் போனதால் குப்பை, விளக்கு, குடிநீர் விஷயங்களில் ஏற்பட்ட நஷ்டத்தை எல்லாரும் பேசுகிறோம். இன்னொரு நஷ்டமும் உண்டு. எந்தத் தெருவில் எந்தப் பெண் மாலைநேரத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறாள், எந்த இளைஞர் மன்றம் ஏரிக்கரையைக் காக்கிறது என்பதைக் கூட்டத்தில் பதிவு செய்யும் இடமே இல்லாமல் போயிற்று.

அந்த இடத்தை எம்.எல்.ஏ. நிரப்பிவிட்டார். 30 தொகுதிகள் என்பதால் ஒரு தொகுதிக்கு நாற்பதாயிரம் பேர் அளவுதான். இந்தியாவின் பெரிய மாநிலங்களில் இல்லாத நெருக்கம் இது. எம்.எல்.ஏ.வுக்குத் தெருவும் தெரியும், வீடும் தெரியும், அந்த வீட்டில் யார் எந்தக் கட்சி என்பதும் தெரியும். நெருக்கத்தால் நன்மை நிறைய. ஆனால் எந்தக் கட்சியிலும் சேராதவரின் பெயர் அங்கே யாருக்கும் ஞாபகம் வராது. ஏரியை ஆக்கிரமித்தவர் மீது மனுப்போட்டு நான்கு பேரைப் பகைத்துக்கொண்டவரின் பெயரைப் பரிந்துரைக்க எந்த எம்.எல்.ஏ.வுக்கும் துணிவு வருவது கடினம். அதிகாரிகளின் நிலையும் அதுதான். அரசைக் கேள்வி கேட்பதும் பொதுத்தொண்டு என்றால், அந்தத் தொண்டை அரசு வழியாக முன்மொழிய முடியாது. குடிமக்கள் தாங்களே முன்மொழியும் வழி அதற்காகவே தேவைப்படுகிறது.

புதுச்சேரியோடு நெடுங்காலம் பிணைந்திருந்த பிரான்சின் முறையை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் இந்த ஊரில் இருக்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் ‘சொல்தா’ வீடு என்றால் எந்த வீடு என்று தெருவுக்கே தெரியும். கடற்கரைச் சாலையின் போர் நினைவுச் சின்னம் ஜூலை 14க்கு இன்றும் விளக்கு அலங்காரம் பெறுகிறது. அந்நாட்டின் உயரிய விருதான லெஜியோன் தொனேரை நெப்போலியன் 1802இல் ஏற்படுத்தினார். அதை யாரும் தனக்காகக் கேட்க முடியாது. 2008 முதல் குடிமக்கள் முன்மொழிய ஒரு வழி திறக்கப்பட்டது: ஒருவர் பெயரை எழுதுகிறவர், அதே மாவட்டத்தைச் சேர்ந்த 50 பேரின் ஒப்பத்தையும் பெற்றுத் தர வேண்டும். இந்த ஐம்பது ஒப்பம் எனக்கு மிகவும் பிடித்த விதி. பத்ம விருதில் ஒருவர் தன்னைத்தானே பரிந்துரைத்துக்கொள்ள இடமுண்டு. அதில் சட்டப்படி தவறில்லை, ஒதுக்கப்பட்ட மூலையில் இருப்பவருக்கு அது ஒன்றே வழியாகவும் இருக்கலாம். ஆனால் ஐம்பது அண்டை வீட்டார் கையெழுத்துப் போட்ட தாளுக்கு உள்ள எடை தனி. கையெழுத்து வாங்கப் போகும்போதே பாதி விசாரணை நடந்துவிடும். யார் மறுக்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

நம் மண்ணிலும் இது புதிதில்லை. நிரை மீட்டு இறந்தவனுக்கு நடுகல் நட்டது ஊர்தான். கல்லைத் தேடிக் கண்டெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை அதற்குரிய படிநிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்தியே சொல்கிறது.

நல்லவாடு

பல விருதுகள் தனி மனிதரையே தேடுகின்றன. தொண்டோ பெரும்பாலும் கூட்டாக நடக்கிறது. இந்தச் சிக்கலுக்குப் புதுச்சேரியின் மீனவ ஊரான நல்லவாட்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரைச் சுற்றிய கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தியது. இடத்தை ஊர் கொடுத்தது, மையத்தை ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பெண்கள் அதிகம். கணினியையே அதுவரை பார்க்காதவர்கள் நெல் விலை, அரசுத் திட்டம், மருத்துவ முகாம் பற்றிய செய்திகளைத் தமிழில் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டினார்கள். வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் அலையின் உயரமும் காற்றின் வேகமும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டன. நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் தண்ணீர் வீட்டுப் பக்கம் வருகிறது என்று வீட்டார் சொன்னதும், உடனே வெளியேறுங்கள், ஊரையும் எச்சரியுங்கள் என்றார். செய்தி தெருவுக்கு வந்தது. தகவல் மையம் பூட்டிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறக்குறைய 500 குடும்பங்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். படகுகளும் வீடுகளும் சேதமாயின. ஊரில் உயிர்ச்சேதம் இல்லை.

இப்போது விருதுக்கு ஒரு பெயர் எழுதுங்கள் என்றால் யார் பெயரை எழுதுவது? தொலைபேசியில் அழைத்தவரையா, செய்தியைத் தெருவுக்குக் கொண்டுவந்த வீட்டாரையா, கதவை உடைத்தவர்களையா? சம்பளமில்லாமல் அந்த மையத்தை ஆண்டுக்கணக்கில் நடத்தி, ஒலிபெருக்கியில் வரும் குரலை நம்பலாம் என்று ஊருக்குப் பழக்கியவர்களை விட்டுவிட முடியுமா? அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் அன்று எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்? எனக்கு இதில் சந்தேகமில்லை: விருது ஊருக்கு உரியது. இந்தத் தகவல் மையத் திட்டம் சுனாமிக்கு முன்பே, 2001இல், ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது வாங்கியிருந்தது. உழைப்பை ஒரு திட்டமாக, ஒரு கூட்டமாகப் பார்க்கும் விருது இருந்ததால் அது சாத்தியமாயிற்று.

நகரத்துக்குள்ளேயே இன்னொரு சான்று இருக்கிறது. வைசியாள் வீதி. தமிழ் வீடுகளின் திண்ணையும் தாழ்வாரமும் ஒவ்வொன்றாக இடிபட்டுக்கொண்டிருந்த காலத்தில், மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட உதவியோடு அந்த வீதியின் முகப்புகளைச் சீரமைத்தது. அரசும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்காரர்கள் சம்மதித்து ஒத்துழைத்ததால்தான் வேலை நடந்தது. யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது 2008இல் அதற்குக் கிடைத்தது. ஒரு கட்டடக் கலைஞருக்கு மட்டும் மாலை விழுந்திருந்தால் அந்த வீதிக்காரர்கள் வேடிக்கை பார்த்திருப்பார்கள். வீதிக்கு விருது வந்ததால் அது அவர்கள் சொத்தாயிற்று.

பத்ம விருது தனி நபர்களுக்கு மட்டுமே. அமைப்புகளுக்கான தேசிய விருதுகளும் இருக்கின்றன. பேரிடர் மேலாண்மைக்கான சுபாஷ் சந்திர போஸ் விருதில் நிறுவனத்துக்கு 51 லட்சம், தனி நபருக்கு 5 லட்சம். ஆண்டுதோறும் ஜனவரி 23இல் அறிவிக்கப்படுகிறது. தானே புயலையும் 2024இன் ஃபெஞ்சல் மழையையும் கண்ட ஊர் இது. தெருவில் தண்ணீர் ஏறிய இரவில் படகோடு வந்த மீனவர்களுக்கும், சமையல் பாத்திரத்தோடு வந்த கோயில், பள்ளிவாசல், தேவாலயத்துக்காரர்களுக்கும் இது எட்டாத விருது என்று நினைக்கக் காரணமில்லை. ஆனால் பதிவு பெற்ற சங்கம், தணிக்கைக் கணக்கு, ஆண்டறிக்கை என்று கேட்கும்போது, அந்த ஒரு வாரத்துக்காகக் கூடிக் கலைந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

பிரிட்டன் இதற்கு ஒரு விடை கண்டது. 2002இல் ராணியின் பொன்விழாவை ஒட்டித் தொடங்கி, இன்று மன்னர் பெயரில் நடக்கும் தன்னார்வச் சேவை விருது, குழுக்களுக்கு மட்டுமே. எம்.பி.இ. பட்டத்துக்கு இணையாக மதிக்கப்படுகிறது. குழு தன்னைத்தானே முன்மொழிய முடியாது, வெளியாள் ஒருவர் எழுத வேண்டும், ஆதரவுக் கடிதங்கள் இணைக்க வேண்டும். பிறகு அந்தந்த வட்டாரத்தின் மதிப்பீட்டாளர்கள் நேரில் போய்ப் பார்க்கிறார்கள். நேரில் போய்ப் பார்ப்பது என்ற அந்த ஒரு படி நம் விருதுகள் பலவற்றில் இல்லை. தாளில் எழுதியதைத் தாளாலேயே எடைபோடுகிறோம். கனடாவிலும் சிங்கப்பூரிலும் தன்னார்வலர்களுக்கென்றே அரசு விருதுகள் உண்டு. புதுச்சேரி அரசு குழுக்களுக்கென்று ஒரு விருதை, விடுதலை நாளான நவம்பர் 1இல் கடற்கரை காந்தித் திடலில் தரலாம். செலவு பெரிதில்லை. தமிழ்நாடு அரசு மத நல்லிணக்கத்துக்காகக் கோவையின் கோட்டை அமீர் பெயரில் விருது வைத்திருப்பதைப்போல, இதற்கு ஆயியின் பெயரை வைக்கலாம்.

காசுக்கு விற்கும் கேடயம்

வேண்டாத பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். சேவைச் செம்மல், சமூகச் சுடர், கௌரவ டாக்டர் என்று விருதுகள் தொலைபேசி வழியாகவே தேடி வருகின்றன. ‘உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், விழாச் செலவுக்கு இவ்வளவு அனுப்புங்கள்’ என்பது வழக்கமான பேச்சு. 2023இல் சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு திரைக்கலைஞர்கள் உள்ளிட்டோருக்குப் போலிக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் காவல்துறையில் புகார் செய்ய வேண்டியதாயிற்று. பிரபலங்களே ஏமாந்தார்கள் என்றால், பாராட்டையே பார்த்திராத ஒரு தொண்டர் ஏமாறுவதில் வியப்பென்ன? அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது ஆண்டு உழைத்தவருக்கு ஊர் ஒரு சால்வைகூடப் போர்த்தாதபோது, காசு கேட்கிறவன் கையிலிருக்கும் கேடயம் அவருக்குப் பெரிதாகத் தெரிகிறது. தகுதியான முன்மொழிவு இல்லாத வெற்றிடத்தில்தான் இந்த வியாபாரம் வளர்கிறது.

சரி, எழுத உட்காருகிறவர் என்ன எழுத வேண்டும்? பத்ம விருதுக்கு 800 சொற்களுக்குள் ஒரு விவரணை கேட்கிறார்கள். நம்மவர்கள் அதில் பாதியை அடைமொழிகளால் நிரப்பிவிடுகிறார்கள். தன்னலமற்ற, ஓய்வறியாத, ஏழைகளின் விடிவெள்ளி என்றெல்லாம் வந்த ஐம்பதாயிரம் தாள்களில் இதுவும் ஒன்றாகிப்போகும். அதற்குப் பதில், அவர் வருவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று தொடங்கினால் போதும். இரத்ததான முகாம் நடத்துகிறவர் என்றால் எந்த ஆண்டிலிருந்து, எத்தனை முகாம், எந்த இரத்த வங்கியின் பதிவேட்டில் அது இருக்கிறது என்று எழுதலாம். சரிபார்க்கக்கூடிய ஒரு எண், சரிபார்க்க முடியாத பத்து புகழுரையைவிடப் பலமானது. பயன்பெற்றவர்களின் சொல் வேண்டும். அவர்கள் பேச்சிலேயே இருந்தால் இன்னும் நல்லது. அந்த வேலையை இதற்கு முன் யாராவது செய்தார்களா, இவர் இல்லாவிட்டால் யார் தொடர்வார் என்பதற்கும் விடை வேண்டும். கூட்டாளிகளின் பெயர்களை விட்டுவிடக் கூடாது. ஒருவரை உயர்த்த மற்றவர்களை மறைத்து எழுதிய பரிந்துரை, விருது கிடைத்த அன்றே அந்த அமைப்பை உடைத்துவிடும். சம்பந்தப்பட்டவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். விளம்பரம் வேண்டாம் என்று உண்மையாகவே விலகி நிற்பவர்கள் உண்டு, அவர்கள் விருப்பத்துக்குப் பணிய வேண்டும். ஆனால் ‘எனக்கெதுக்குங்க’ என்பதை முதல் பதிலாகச் சொல்லாதவர் நம் ஊரில் யார்? இரண்டாம் முறை கேட்கலாம்.

கடைசித் தேதி எப்போது என்பதை முன்கூட்டியே பார்த்துவைப்பதும் முக்கியம். அறிவிப்பு வந்த பிறகு ஆவணம் தேடினால் நேரம் போதாது. தெருவில் நல்ல வேலை நடக்கும்போதே தேதியிட்டு நான்கு வரி எழுதி வைக்கிற ஓர் ஆள் ஒவ்வொரு குடியிருப்போர் நலச் சங்கத்திலும் இருந்தால், முன்மொழிவு தானே தயாராகிவிடும்.

விருதுக்குப் பிறகு என்ன என்பதற்கு மதுரைச் சின்னப்பிள்ளையின் வாழ்க்கை ஒரு பாடம். களஞ்சியம் மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கட்டியெழுப்பிய அந்த விவசாயக் கூலித் தொழிலாளிக்கு 2001 ஜனவரியில் ஸ்த்ரீ சக்தி விருது தந்தபோது, பிரதமர் வாஜ்பாய் மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கினார். நாடே அதைப் பார்த்தது. 2018இல் தமிழ்நாடு அரசின் ஔவையார் விருது, 2019இல் பத்மஸ்ரீ. அதற்கெல்லாம் பிறகு 2024இல், வீடு கட்டித் தருவதாகச் சொன்ன உதவி வந்து சேரவில்லை என்று அவர் ஆதங்கப்பட்டது செய்தியானது. தமிழ்நாடு அரசு உடனே வீடு கட்டித்தர ஏற்பாடு செய்தது. பத்ம விருதோடு ரொக்கம் எதுவும் வருவதில்லை. அது மரியாதைதான், பிழைப்பல்ல. எனவே ஏழைத் தொண்டரை முன்மொழிகிறவர் பதக்கத்தோடு வேலையை முடித்துக்கொள்ள முடியாது. முதியோர் ஓய்வூதியம், வீடு, மருத்துவக் காப்பீடு போன்றவை அவருக்கு உரியபடி கிடைத்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் அதே முன்மொழிவின் பகுதி. கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு நாகை வட்டாரத்தில் நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கித் தந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனுக்கு 1989இல் பத்மஸ்ரீ, 2008இல் சுவீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020இல் பத்மபூஷண் என்று வரிசையாக வந்தன. அவருக்குப் பின்னால் லாஃப்டி என்ற அமைப்பு நின்றது. ஒவ்வொரு விருதும் அந்த அமைப்பின் அடுத்த வேலைக்குக் கைகொடுத்தது. விருது தனி மனிதரோடு முடிவதற்கும், வேலைக்குள் போய்ச் சேர்வதற்கும் உள்ள தூரம் இந்த இருவர் வாழ்க்கையிலும் தெரிகிறது.

2026ஆம் ஆண்டை ஐ.நா. சபை தன்னார்வலர்களுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. புதுச்சேரியில் அதை எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், அறிவொளி இயக்கத்தில் என்பேன். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுவை அறிவியல் இயக்கத்தின் முன்முயற்சியில் ஊர் ஊராகப் போன இளைஞர்களும் இளம்பெண்களும், மாலை ஏழு மணிக்கு விளக்கை வைத்துக்கொண்டு, வயல்வேலை முடித்து வந்த பெண்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்தார்கள். பக்கத்துத் தமிழ்நாட்டில் புதுக்கோட்டைப் பெண்கள் அறிவொளியால் சைக்கிள் ஓட்டக் கற்றது புகழ்பெற்ற வரலாறாயிற்று. கேரளத்தில் அத்தகைய இயக்கத்தை நடத்திய சாஸ்திர சாகித்திய பரிஷத்துக்கு 1996இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. நம் ஊர்த் தொண்டர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஊதியம் வாங்காததால் அரசுப் பதிவேட்டிலும் பெரும்பாலும் இருக்காது.

அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் ஆகிய ஐந்து கொம்யூன்களிலும் மையங்கள் நடந்த இடங்களைக் கேட்டுப் பட்டியல் எடுக்க, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சில குழுக்களாகப் பிரிந்து ஒரு பருவம் உழைத்தால் போதும். அந்த மையங்களில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பெண்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவர்களிடம் கேட்டால் பெயர்கள் வரும். முன்மொழிவுத் தாளின் அடியில் போடவேண்டிய ஐம்பது கையெழுத்துகளையும் அவர்களே போட்டுத் தருவார்கள்.